ஆசிட் ஸ்டெயின்: சிட்-அவுட்டில் பிடித்த நிறம் போர்டிகோவில் ஏன் பிடிக்கவில்லை?

ஒரே நாள், ஒரே கலவை, ஒரே ஸ்ப்ரேயர், ஒரே கை. சிட்-அவுட் தரை கருப்பட்டிப் பாகை ஊற்றி ஆறவிட்டதுபோல் வந்தது. அதிலிருந்து இரண்டு படி இறங்கினால் போர்டிகோ. அங்கே வந்ததோ வெளுத்துப்போன டீக்கறை, அதுவும் திட்டுத்திட்டாக.

பெருந்துறைக்குப் பக்கத்தில் என் அக்கா வீட்டில் நடந்த வேலை இது. ஈரோடு வட்டாரத்தில் வீடு கட்டித் தருவது என் தொழில், அக்கா வீட்டையும் நான்தான் கட்டினேன். எந்த மூட்டை சிமென்ட் எந்த இடத்துக்குப் போனது என்று அன்றன்றைக்கு நோட்டில் எழுதிவைப்பது என் வழக்கம். போர்டிகோவில் என்ன நடந்தது என்பதற்கு விடை கடைசியில் அந்த நோட்டில்தான் கிடைத்தது. கான்கிரீட் தரைக்கு நிறம் ஏற்றுகிற ஆசிட் ஸ்டெயினை வாங்குகிறவர்கள் எல்லாரும் நிறத்தைப் பார்த்து வாங்குகிறார்கள். தரைக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை. அதனால்தான் முழுசாக எழுதிவைக்கிறேன்.

அக்காவுக்கு டைல்ஸ் வேண்டாம். நாங்கள் வளர்ந்த வீட்டில் சிவப்பு ரெட் ஆக்சைடு தரை. கோடையில் வெறும் தரையில் படுத்தால் முதுகு குளிரும். அந்த மாதிரி தரை வேண்டும் என்றுதான் கேட்டாள். ஆனால் ரெட் ஆக்சைடை சிமென்டோடு கலந்து, பூசும்போதே கரணையால் இழைத்துக் கொண்டுவர வேண்டும். வீடு கட்டி முடித்து, கான்கிரீட் தரை இறுகி ஒரு வருஷம் ஆன பிறகு அதைச் செய்வது என்றால் மேலே இன்னொரு பூச்சு போட வேண்டும். வாசல்படி உயரம் இடிக்கும், மழைத்தண்ணீர் வாட்டம் மாறும். இருக்கிற தரையை அப்படியே வைத்துக்கொண்டு நிறம் ஏற்ற ஒரு வழி உண்டு என்று நான்தான் ஆசிட் ஸ்டெயினைச் சொன்னேன்.

பெயின்ட் தரையின் மேல் ஒரு தோலாக ஒட்டி நிற்கும், ஒருநாள் உரியும். ரெட் ஆக்சைடில் நிறப்பொடி சிமென்டுக்குள்ளேயே கலந்திருக்கும். ஆசிட் ஸ்டெயின் இந்த இரண்டிலும் சேராது. தண்ணீரில் கொஞ்சம் ஹைட்ரோகுளோரிக் அமிலம், அதோடு கரைந்த உலோக உப்புகள், அவ்வளவுதான் அந்தத் திரவம். இரும்பு உப்பு பழுப்பும் செம்பழுப்பும் தரும், மாங்கனீசு கருமையான பழுப்பு தரும், செம்பு நீலப்பச்சை தரும். அமிலம் தரையின் மேல்பரப்பை லேசாகத் திறந்துவிடும். உள்ளே சிமென்டில் இருக்கிற சுண்ணாம்போடு உலோக உப்பு வினைபுரிந்து, தண்ணீரில் கரையாத ஒரு நிறப்பொருளாக அந்த நுண்துளைகளுக்குள்ளேயே படியும். உரிவதற்கு அங்கே தோல் எதுவும் இல்லை.

சிமென்ட் தண்ணீர் குடித்து இறுகும்போது துணைப்பொருளாகச் சுண்ணாம்பு உண்டாகிறது. வெற்றிலைக்குத் தடவுகிறோமே, அதே கால்சியம் ஹைட்ராக்சைடு. கெட்டிப்பட்ட சாதாரண சிமென்ட் பசையில் எடையில் 15 முதல் 25 சதவீதம் வரை இது இருக்கும். ஸ்டெயினுக்கு இதுதான் தீனி. இது குறைந்தால் எவ்வளவு நல்ல ஸ்டெயின் வாங்கி ஊற்றினாலும் நிறம் குறையும். எனக்கு இது தெரியும், படித்திருக்கிறேன். ஆனால் தெரிந்ததை அந்த வீட்டின் தரையோடு பொருத்திப் பார்க்கத் தவறினேன்.

மூன்று இடங்கள்

சிட்-அவுட் 14-க்கு 10 அடி, மேலே கூரை உண்டு. போர்டிகோ 18-க்கு 12, கார் நிற்கும் இடம். பின்பக்கம் துணி துவைக்கும் இடம் 10-க்கு 6. மூன்றும் ஒரே தை மாதத்தில் போட்ட கான்கிரீட். ஒரே கொத்தனார், ஒரே எம்-சாண்ட், ஒரே ஜல்லி. பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியதும் ஒரேபோலத்தான். சிட்-அவுட்டுக்கும் போர்டிகோவுக்கும் பழுப்பு, பின்பக்கத்துக்கு அக்கா ஆசைப்பட்ட வெளிர் பச்சை என்று முடிவானது.

அடுத்த வருஷம் மாசியில் ஸ்டெயின் வேலையைத் தொடங்கினோம். சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துக் கழுவி, இரண்டு நாள் காயவிட்டோம். தரையில் அங்கங்கே ஒரு கரண்டி தண்ணீர் விட்டுப் பார்த்தோம். தண்ணீர் முத்தாக நின்றால் மேலே ஏதோ எண்ணெயோ சீலரோ (தரையைப் பாதுகாக்க மேலே அடிக்கும் பூச்சு) இருக்கிறது என்று அர்த்தம். உறிஞ்சிக்கொண்டால் ஸ்டெயினும் உள்ளே போகும். எல்லா இடத்திலும் உறிஞ்சியது. அதைப் பார்த்துத் திருப்திப்பட்டேன். உள்ளே போவது ஒரு விஷயம், போன இடத்தில் சுண்ணாம்பு இருப்பது இன்னொரு விஷயம்.

பழுப்பு 5 லிட்டர் கேன் மூன்று வாங்கியிருந்தோம். கேனுக்குக் கேன் சாயல் மாறலாம் என்பதால் மூன்றையும் ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் ஊற்றிக் கலந்தேன். ஒரு லிட்டர் ஒரு கைக்கு, அதாவது ஒருமுறை அடிக்க, ஏறக்குறைய 50 சதுர அடி வரும், இரண்டு கை அடிக்க அது போதும். ஸ்ப்ரேயர் முழுக்கப் பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். பித்தளை நாசில் வைத்த மருந்தடிக்கிற ஸ்ப்ரேயரை எடுத்தால் ஆசிட் அதை அரிக்கும், அந்த அரிப்பும் தரையில் கறையாக விழும். கேட், ஜன்னல் கிரில், ஈபி பெட்டி எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் தாள் சுற்றினோம். மாமாவின் ஸ்கூட்டரைத் தெருவுக்கு அனுப்பினோம், ஏனென்றால் ஆசிட் ஆவி இரும்பை விடாது.

ஒன்றை இங்கேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். துணி துவைக்கும் இடத்தில் அக்கா வாராவாரம் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ப்பாள். பிளீச்சிங் பவுடர் மேல் ஆசிட் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய இடமாக இருந்தால் உயிருக்கே ஆபத்து. ஒரு வாரம் முன்பே பவுடரை நிறுத்தச் சொல்லி, அந்த இடத்தை மட்டும் நாலு தடவை கழுவினேன். ஸ்டெயின் போடும் முன் இதை வீட்டுப் பெண்களிடம் கேட்காமல் யாரும் தொடங்கக்கூடாது. தரையில் என்ன ஊற்றியிருக்கிறார்கள் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

காலை ஆறு மணிக்கே அடிக்க ஆரம்பித்தோம். வெயில் ஏறிச் சூடான தரையில் ஸ்டெயின் வினைபுரியும் முன்னே காய்ந்துவிடும். சிட்-அவுட்டில் ஸ்ப்ரே விழுந்த இடமெல்லாம் சின்னதாக நுரை கட்டியது. நைலான் பிரஷால் வட்டம் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே பின்னோக்கி நகர்ந்தோம். போர்டிகோவிலும் நுரை வந்தது, சொல்லப்போனால் கொஞ்சம் அதிகமாகவே வந்தது. அதைப் பார்த்துத்தான் ஏமாந்தேன். நுரைக்குக் காரணம் பெரும்பாலும் கார்பனேட்டு. காற்றில் இருக்கிற கார்பன் டை ஆக்சைடு பட்டுப்பட்டு மேல்பரப்புச் சுண்ணாம்பு கார்பனேட்டாக மாறியிருக்கும், அதன்மேல் ஆசிட் பட்டால் வாயு கிளம்பும். நுரையை வைத்து நிறம் வரும் என்று கணக்குப் போட முடியாது.

நாலு மணி நேரம் கழித்து இரண்டாம் கை. ராத்திரி முழுக்க அப்படியே விட்டோம்.

கழுவிய பிறகு தெரிந்தது

மறுநாள் காலை பழுப்பு அடித்த இரண்டு இடமும் துருப்பிடித்த தகரம்போல் கிடந்தன. அக்கா வந்து பார்த்துவிட்டு ஒன்றுமே பேசவில்லை. அது மேலே நிற்கிற கசடு, நிஜ நிறம் அடியில்தான் இருக்கும் என்று சொன்னேன். பத்து லிட்டர் தண்ணீருக்கு அரை கிலோ ஆப்ப சோடா கரைத்து ஊற்றித் தேய்த்தோம். மிச்சமிருக்கிற அமிலத்தை முறிக்க இது கட்டாயம். முறிக்காமல் சீலர் அடித்தால் சீலர் பிடிக்காது. பிறகு மூன்று தடவை நல்ல தண்ணீர், ஒவ்வொரு தடவையும் பி.எச். தாள் வைத்துப் பார்த்தோம்.

கழுவிய தண்ணீரைச் சாக்கடைக்கோ தென்னைக்கோ விடவில்லை. ஓரமாக மணல் அணை கட்டி, துணியில் ஒற்றி வாளியில் பிழிந்து, டிரம்மில் சேர்த்தோம். முக்கியமாகச் செம்பு கலந்த தண்ணீர் மண்ணுக்கும் மீனுக்கும் நல்லதில்லை. அதில் சுண்ணாம்பு கரைத்து விட்டதும் வண்டல் கீழே படிந்தது. அந்த வண்டலைக் காயவைத்து, மிச்சமிருந்த சிமென்டில் குழைத்துக் கட்டியாக்கிவிட்டோம். ஒரு நாள் வேலைதான், சலிக்காமல் செய்ய வேண்டும்.

சிட்-அவுட் காய்ந்ததும் நான் நினைத்ததைவிட அழகாக இருந்தது. ஒரு சதுர அடிபோல் இன்னொரு சதுர அடி இல்லை. கரணை அழுந்திய இடம் கருமையாக, விட்ட இடம் தேன்போல. பூந்தொட்டி வைத்திருந்த நாலு இடத்தில் நாலு வட்டம். பெயின்டுக்கு முன் சுவரில் பூசும் பட்டி சிந்திய இடங்களில் மட்டும் மிளகு அளவுக்கு வெள்ளைப் புள்ளிகள் நின்றன, அங்கே ஸ்டெயின் உள்ளே போக வழியில்லை. தொட்டிக் கறையும் புள்ளியும் குறைதான். ஆனாலும் கண்ணுக்கு உறுத்தவில்லை.

போர்டிகோதான் மனசை உடைத்தது. மிஞ்சியிருந்த கலவையை ஒரு பக்கத்தில் மூன்றாவது கையாக அடித்தும் பார்த்தேன், பெரிதாக எதுவும் மாறவில்லை. கலவை தீர்ந்ததுதான் மிச்சம்.

அக்கா என்னைக் குறை சொல்லவில்லை. "ஏங்கண்ணு, ஒரே மருந்துதானே அடிச்சே? இதுக்கு மட்டும் ஏன் ஏறலை?" என்று கேட்டாள். சிமென்டில் இருக்கிற சுண்ணாம்பைப் பற்றி விளக்கினேன். பாதியிலேயே நிறுத்தி, "அப்ப ஆரத்தி கரைக்கிற மாதிரித்தானே? மஞ்சத்தண்ணியில சுண்ணாம்பு பட்டாத்தானே செவக்கும்" என்றாள். உள்ளே போய் ஒரு கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்து எடுத்து வந்தாள்.

சிட்-அவுட்டில் ஸ்டெயின் படாமல் டேப் ஒட்டி விட்டிருந்த ஓரத்தில் மஞ்சளை விரலால் தடவினாள். ஒரு நிமிஷத்துக்குள் அது செங்கல் நிறமாக மாறியது. போர்டிகோவில் அதேபோல் விட்டிருந்த ஓரத்தில் தடவினாள். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஓரத்தில் மட்டும் லேசாக ஆரஞ்சு தட்டியது. தரைப் பரிசோதனைக்கு பினாப்தலீன் சொட்டு விடுவது பொறியாளர்கள் வழக்கம், காரம் இருந்தால் ரோஜா நிறமாகும். அக்கா செய்தது அதே சோதனைதான். சுண்ணாம்பு எவ்வளவு என்று மஞ்சள் சொல்லாது, மேல்பரப்பில் காரம் இருக்கிறதா என்று மட்டும் சொல்லும். ஆனால் ஸ்டெயின் வாங்கும் முன்பே இதைச் செய்திருந்தால் பதினைந்து லிட்டரில் பாதி மிஞ்சியிருக்கும்.

நோட்டில் இருந்த விடை

அன்று ராத்திரி நோட்டை எடுத்தேன். போர்டிகோவுக்கு 17 மூட்டை பிபிசி. சிட்-அவுட்டுக்கு, கூரை கான்கிரீட்டுக்கு வாங்கி மீந்திருந்த 11 மூட்டை ஓபிசி 53, அதாவது சாம்பல் கலக்காத சாதாரண சிமென்ட்.

பிபிசி என்பது சாம்பல் கலந்த சிமென்ட். மேட்டூர் போன்ற அனல் மின் நிலையங்களில் நிலக்கரி எரிந்து கிடைக்கும் பறக்கும் சாம்பலை 15 முதல் 35 சதவீதம் வரை சேர்க்கலாம் என்று ஐ.எஸ். 1489 தரம் சொல்கிறது. அந்தச் சாம்பல் சும்மா நிரப்புவதற்காகச் சேர்ப்பதில்லை. அது மெல்ல மெல்லச் சுண்ணாம்பைத் தின்று, அதை வலுவான பசையாக மாற்றுகிறது. பிபிசி கான்கிரீட் மாதங்கள் போகப்போக வலுவாவதற்கும், உப்புத்தண்ணீரைத் தாங்குவதற்கும் அதுதான் காரணம். சுவருக்கும் பூச்சுக்கும் நான் இன்றைக்கும் பிபிசிதான் வாங்குகிறேன். ஆனால் கட்டடத்துக்கு நல்லது செய்யும் அந்தக் குணமே ஸ்டெயினுக்குப் பாதகமாகிறது. ஸ்டெயினுக்கு வேண்டிய சுண்ணாம்பைச் சாம்பல் முன்னாலேயே எடுத்துக்கொண்டுவிட்டது.

இன்றைக்கு நம் ஊரில் சில்லறைக் கடையில் "சிமென்ட்" என்று கேட்டால் பெரும்பாலும் பிபிசியைத்தான் தூக்கிக் கொடுக்கிறார்கள். வெளிநாட்டு வீடியோ பார்த்துவிட்டு ஸ்டெயின் வாங்குகிறவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மூட்டைமேல் எழுதியிருக்கும், படித்தால் போதும்.

ஆனால் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. பிபிசியிலும் சுண்ணாம்பு அடியோடு இல்லாமல் போகாது, மங்கலாகவாவது சீராக வந்திருக்க வேண்டும். ஏன் இந்தத் திட்டு? விடை போர்டிகோவின் மூலையில் இருந்தது. மூன்றடிக்கு இரண்டடி, நேர்கோடு போட்டதுபோல் ஒரு செவ்வகம், மற்ற இடத்தைவிட நன்றாகவே கருத்திருந்தது. அங்கே முன்பு என்ன இருந்தது என்று கொத்தனாரிடம் போனில் கேட்டேன். "பாத்ரூம் டைல்ஸ் பெட்டி அடுக்கி வெச்சிருந்தோம்ணா. கிரகப்பிரவேசத்துக்கு முந்தின நாள் பெயின்டர் பசங்க தரையில பட்டி போகலைன்னு ஆசிட் ஊத்திக் கழுவுனாங்க. பெட்டி கனமா இருந்ததால அதை மட்டும் நகர்த்தலை" என்றார்.

அப்போது எல்லாம் பொருந்தியது. கழிவறை கழுவுகிற ஆசிட் தரைமேல் இருந்த கொஞ்சநஞ்சச் சுண்ணாம்பையும் அரித்துவிட்டது. ஊற்றிய இடத்தில் அதிகம், ஓடிய இடத்தில் குறைவு. பெட்டிக்கு அடியில் மட்டும் ஆசிட் போகவில்லை. அந்தச் செவ்வகத்தின் நிறத்தைச் சிட்-அவுட்டோடு ஒப்பிட்டால் அதுவும் மங்கல்தான். ஆக, செவ்வகத்துக்கும் சிட்-அவுட்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் சிமென்டால் வந்தது, செவ்வகத்துக்கும் மற்ற இடத்துக்கும் உள்ள வித்தியாசம் ஆசிட் கழுவலால் வந்தது. ஸ்டெயின் போடும் முன் தரையை ஆசிட் ஊற்றிச் சுத்தம் செய்யலாம் என்று இன்னமும் பலர் சொல்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். சோப்பும் பிரஷும் போதும்.

போர்டிகோவில் இன்னொன்றும் இருந்தது. வாசல் பக்கம் குனிந்து பார்த்தால் மெல்லிய வெளிர் கோடுகள். புள்ளி வைத்து வளைத்த இழைகள், ஒன்றன்மேல் ஒன்றாக. ஒரு வருஷமாக அக்கா போட்ட கோலங்கள். கடையில் வாங்கும் கோலமாவு கல்லை அரைத்த பொடி. அக்கா டப்பாவில் இருந்ததில் ஒரு சொட்டு ஆசிட் விட்டோம், பொரிந்தது. தரையின் நுண்துளையில் தங்கியிருந்த பொடி ஸ்டெயினைத் தான் வாங்கிக்கொண்டு, கழுவும்போது அதோடு போய்விட்டது, அதனால் அந்த இழைகளில் மட்டும் தரைக்கு நிறம் கிடைக்கவில்லை. தேய்த்து எடுத்துவிடலாமா என்று கேட்டேன். அக்கா கையைப் பிடித்துத் தடுத்துவிட்டாள்.

சரி செய்தது

போர்டிகோவுக்கு வழி உரக்கடையில் கிடைத்தது. அன்னபேதி. இரும்பு சல்பேட் உப்பு, செடிக்கு இரும்புச்சத்துக்காகப் போடுவது. அந்த உரம் சிமென்ட் தரையில் சிந்தினால் துருக்கறை பிடித்துப் போகவே போகாது என்று தோட்டம் வைத்திருக்கிறவர்களுக்குத் தெரியும். அந்தக் கறையைத்தான் வேண்டுமென்றே வரவழைத்தோம். பச்சை நிறத்தில் கல்கண்டுபோல் இருக்கிற உப்பை 10 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ கரைத்து, முதலில் காம்பவுண்டு ஓரம் ஒரு சதுர அடியில் மட்டும் அடித்தோம். அன்னபேதிக்குக் காற்றும் ஈரமும் இருந்தாலே போதும், துரு நிறம் வந்துவிடும், சுண்ணாம்பை அவ்வளவாக நம்பியிருக்காது. சாயங்காலம் அழுக்குப் பச்சையாக இருந்தது, காலையில் காவி.

முழுசாக இரண்டு கை அடித்தோம். திட்டு போகவில்லை, ஆனால் மங்கல் மறைந்தது. சிட்-அவுட் கருப்பட்டி என்றால் போர்டிகோ செம்மண். அடுத்தடுத்து இருந்தாலும் சண்டை போடவில்லை. தரையில் உப்பு மிஞ்சினால் பிறகு வெள்ளையாகப் பூக்கும் என்பதால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவினோம். நம் பக்கத்து போர் தண்ணீரே உப்புதான், அதனால் கடைசிக் கழுவலுக்கு ஆற்றுத்தண்ணீர் பிடித்துவைத்தோம்.

காய்ந்ததும் மூன்று இடத்துக்கும் அக்ரிலிக் சீலர் இரண்டு மெல்லிய கை.

பின்பக்கத்துப் பச்சை ஆறு வாரம்தான் நின்றது. முதலில் குழாயடியில் விரல் அளவு கறுப்பு, பிறகு அங்கிருந்து பரவி, சீலருக்கு அடியிலேயே கறுத்துப்போனது. செம்பு ஸ்டெயின் ஈரம் பட்டுக்கொண்டே இருந்தால் கறுத்துவிடும், அதைத் தரையடி ஈரம் இருக்கிற இடத்தில் போடக்கூடாது. ஒன்றரை அடி சதுர பிளாஸ்டிக் தாளைத் தரையில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு ராத்திரி விட்டு எடுத்தால் தெரிந்துவிடும். சிட்-அவுட்டில் இதைச் செய்தேன், பின்பக்கம் சின்ன இடம்தானே என்று விட்டுவிட்டேன். பிறகு ஒட்டிப் பார்த்தபோது தாளின் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர். அந்த இடத்துக்கு அக்கா கடைசியில் கடப்பா கல் போட்டுக்கொண்டாள். அவளுக்கு அந்தப் பச்சைமேல் ஆசை இருந்தது, அது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

ஐப்பசி, கார்த்திகை மழை முழுக்கப் பார்த்தாகிவிட்டது. சிட்-அவுட் அப்படியே இருக்கிறது. போர்டிகோவில் கார் டயர் நிற்கும் இரண்டு இடத்தில் சீலர் உரிந்து வந்தது. வெயிலில் ஓடிவந்த சூடான டயர் அக்ரிலிக் படலத்தை இளக்கி ஒட்டிக்கொள்ளும். அந்த இரண்டு பட்டையிலும் சீலரை முழுசாக எடுத்துவிட்டு, படலம் கட்டாமல் உள்ளே இறங்கிவிடுகிற சிலேன்-சிலோக்சேன் வகையை அடித்தோம். பளபளப்பு இல்லை, உரிவதற்கும் ஒன்றும் இல்லை. மற்ற இடத்துக்கும் அடுத்த தடவை அதையே அடிக்கலாம் என்றிருக்கிறேன். வெளித்தரைக்குச் சீலர் ஒன்றிலிருந்து மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மறுபடி தேவைப்படும், அதைச் சொல்லிவிட்டுத்தான் இப்போது யாருக்கும் வேலை எடுக்கிறேன்.

போன வாரம் காஞ்சிக்கோவிலில் ஒரு வீட்டுக்குத் திண்ணை போட்டோம். ஜல்லி கொட்டி, மட்டம் பார்த்து, கலவை போடும் நேரம். அதே கொத்தனார் இரண்டு அடுக்கு மூட்டைக்கு நடுவில் நின்றுகொண்டு கேட்டார்: "அண்ணா, திண்ணைக்கு எந்த மூட்டையை உடைக்கட்டுங்க?"